தங்கவயல் ஒன்றுகூடல்: பந்திக்கு முன் வீட்டு வரிசையை எழுதி முடியுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். டிசம்பர் விடுமுறை தொடங்கி பிப்ரவரி 28 வரை கோலார் தங்கவயலில் ஒன்றுகூடல் காலம். சாம்பியன் ரீஃப், மாரிக்குப்பம், உரிகம், கோரமண்டல் என்று ஒவ்வொரு பகுதியின் பழைய லைன்காரர்களும் (‘லைன்’ என்பது சுரங்கத் தொழிலாளர் குடியிருந்த வீட்டு வரிசை) பெங்களூரு, சென்னை, ஓசூர், வேலூரிலிருந்து குடும்பத்தோடு வந்து ஒரு பகலைக் கழித்துவிட்டுப் போகிறார்கள். மேடை, மாலை, பேச்சு, பிரியாணி, கடைசியில் எல்லோரும் நிற்கும் ஒரு படம். இதில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் லைனில் எந்த வீட்டில் யார் இருந்தார், எந்த ஷாஃப்டில் (சுரங்கத்துக்குள் இறங்கும் குழியில்) இறங்கினார், எந்த ஊரிலிருந்து வந்தார் என்பது அந்த ஒரு பகலிலும் எழுதப்படாமல் போகிறது. எழுதக் கூடியவர்கள் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் இருப்பது அந்த ஒரு நாள்தான். அதனால் இந்தக் கடிதம்.

1880இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்ததிலிருந்து 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது வரை, 120 ஆண்டுகளில் சுமார் 800 டன் தங்கம் இங்கிருந்து போயிற்று என்று கணக்கு இருக்கிறது. சிவசமுத்திரத்திலிருந்து 1902இல் மின்சாரம் வந்ததற்கும், சாம்பியன் ரீஃப் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியதற்கும் ஆவணம் இருக்கிறது. 1965இல் இதே சுரங்கத்தின் ஆழத்தில் காஸ்மிக் கதிர் நியூட்ரினோக்களின் தடம் பதிவானதை உலகம் அறியும். வட ஆற்காடு, சித்தூர், சேலம் பக்கத்திலிருந்து வந்து தட்டி வீட்டில் குடியேறி, மூன்று நான்கு தலைமுறை ஒரே லைனில் வாழ்ந்தவர்களின் வரிசையை எழுதி வைக்க வேண்டியவர்கள் அந்த லைன்காரர்களே. மூடிய அன்று 45 வயதில் வெளியே வந்தவருக்கு இன்று 70 ஆகிறது. 1956இல் மைசூர் அரசு சுரங்கத்தை எடுத்துக்கொண்டபோது இளைஞராக இறங்கியவர் யாராவது இருந்தால் 90ஐத் தொட்டிருப்பார்.

முதல் வேலை லைன் வரைபடம். முழு அளவு சார்ட் பேப்பர் நான்கைப் பின்பக்கம் டேப் போட்டு ஒட்டினால் ஒரு லைனுக்குப் போதும். அதை மேஜை மேல் விரியுங்கள், சுவரில் மாட்டாதீர்கள். சுவரில் மாட்டினால் ஒருவர் எழுத, மற்றவர்கள் பின்னால் நின்று பார்ப்பதோடு சரி. மேஜையைச் சுற்றி எட்டுப் பேர் உட்காரலாம், எட்டுக் கையும் படத்தின் மேல் இருக்கும். வீடுகளை முதலில் போடாதீர்கள். முதலில் அசையாதவற்றைப் போடுங்கள்: ஷாஃப்டின் இரும்புக் கோபுரம், ரயில் பாதை, சைனைடு மேடு (தங்கம் பிரித்தபின் கொட்டிய மண்மேடு), கோயில், சர்ச், பள்ளி. அடுத்து தண்ணீர்க் குழாய். குழாயடி எங்கே என்று உறுதியானால் வீடுகள் தாமாகவே வரிசையில் வந்து விழும், ஏனென்றால் ‘குழாயிலிருந்து மூணாவது வீடு’ என்றுதான் எல்லோருக்கும் மனதில் நிற்கிறது. கம்பெனி எழுதிய கதவு எண் நினைவிருப்பவர்கள் குறைவு.

இந்த மேஜையில் சண்டை வரும். ஒரே வீட்டை இரண்டு பேர் இரண்டு குடும்பத்துக்குச் சொல்வார்கள். பெரும்பாலும் இருவருமே சொல்வது சரி. ஒருவர் 1960களைச் சொல்கிறார், மற்றவர் 1980களை. வரைபடத்துக்கு ஆண்டு போடாததுதான் தவறு. ஆகவே அடித்தாளில் வீட்டு வரிசையை மட்டும் வரைந்து, அதன் மேல் மூன்று டிரேசிங் தாள் வையுங்கள்: 1956, 1972, 2001. இந்த மூன்று ஆண்டும் சுரங்கத்தார் எவருக்கும் மறக்காது. முதலாவது அரசு எடுத்துக்கொண்டது, இரண்டாவது பாரத் கோல்டு மைன்ஸ் ஆனது, மூன்றாவது மூடியது. ‘1968இல் யார் இருந்தார்’ என்று கேட்டால் பதில் வராது. ‘பெமல் வந்த பிறகா, முன்னாடியா’ என்று கேளுங்கள், வரும். இங்குள்ள அரசுத் தொழிற்சாலையான பெமல் தொடங்கியது 1964. ‘உங்க கல்யாணத்துக்கு முன்னாடியா’ என்பது அதைவிட நல்ல கேள்வி. கல்யாண ஆண்டைத் தனியாகக் குறித்துக்கொண்டால் மற்றதை அதிலிருந்து கணக்கிட்டுவிடலாம்.

எழுதுவது 2பி பென்சிலில் இருக்கட்டும். பேனாவில் எழுதிய பெயரை அழிக்க முடியாது. அடித்துத் திருத்தினால் அந்தப் பெயருக்கு உரியவர் மனம் நோகும்.

ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சீட்டு வேண்டும். குடும்பத் தலைவர் பெயர், மனைவி பெயர், வேலை, ஷாஃப்ட், எந்த ஆண்டுவரை, பூர்வீக ஊர். பெயரில் கவனம் தேவை. லைனில் ஒருவருக்கு மூன்று பெயர் இருக்கும்: கம்பெனிப் பதிவேட்டில் எழுத்தர் தன் காதுக்குக் கேட்டபடி ஆங்கிலத்தில் எழுதிய பெயர், வீட்டுப் பெயர், பட்டப்பெயர். மூன்றையும் எழுதுங்கள். பின்னால் பேரப்பிள்ளை பழைய சம்பளச் சீட்டோடு வரும்போது முதல் பெயர் வேண்டும், கூட இருந்தவர் தேடும்போது மூன்றாவது வேண்டும். இனிஷியலை மட்டும் எழுதி விட்டால் ஒரே லைனில் இரண்டு எம். கோவிந்தன் நின்றுவிடுவார்கள். தகப்பனார் பெயரை முழுதாக எழுதுங்கள். வேலையையும் ‘மைன்ஸில் வேலை’ என்று முடிக்க வேண்டாம். டிரில்லரா, டிராமரா, டிம்பர்மேனா, வைண்டிங் இன்ஜின் டிரைவரா, மில்லிலா, ஆஸ்பத்திரியிலா என்று தெளிவாக இருக்கட்டும்.

பூர்வீகத்துக்கு மாவட்டம் எழுதினால் குழப்பம். வட ஆற்காடு 1989இல் பிரிந்தது, வேலூர் 2019இல் மறுபடியும் பிரிந்து திருப்பத்தூர், ராணிப்பேட்டை என்றாயிற்று. மைசூர் மாநிலமே 1973இல்தான் கர்நாடகம் என்று பெயர் மாறியது. கிராமமும் அதற்குப் பக்கத்துப் பெரிய ஊரும் போதும்: இன்ன கிராமம், குடியாத்தம் பக்கம். இது என்றைக்கும் மாறாது.

பெண்களுக்குத் தனி மேஜை வேண்டும் என்பதை நாங்கள் அழுத்திச் சொல்கிறோம். ஒரே மேஜையில் உட்கார வைத்தால் ஆண்கள் முந்திக்கொள்வார்கள், ‘அவங்களுக்கு என்ன தெரியும்’ என்ற பேச்சும் வரும். ஷாஃப்டும் லெவலும் (சுரங்கத்தின் ஆழ அடுக்கு) ஆண்களுக்குத் தெரியும். எந்த வீட்டில் எத்தனை பிள்ளை, யார் எப்போது காலி செய்துவிட்டுப் போனார், யார் வீட்டில் தறி இருந்தது, யார் இட்லி சுட்டு விற்றார், குழாயில் எத்தனை மணிக்குத் தண்ணீர் வந்தது என்பதெல்லாம் பெண்களுக்கே தெரியும். இரண்டு மேஜையின் தாளையும் மதியத்துக்கு மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால் வீடுகள் நிரம்பிவிடும்.

லைனில் தமிழர் மட்டும் இருக்கவில்லை என்பதையும் அழைப்பு அனுப்புவோர் மறக்கக் கூடாது. தெலுங்கு, கன்னடம், மலையாளம் பேசியவர்களும், ஆங்கிலோ இந்தியர்களும், காவல் வேலைக்கு வந்த பஞ்சாபியரும் அந்தந்த வரிசையில் இருந்தார்கள். அவர்களை விட்டால் படத்தில் ஓட்டை விழும். சாதி வாரியாக ஒன்றுகூடல் நடத்துவோருக்கும் இதைத்தான் சொல்கிறோம். லைன் மக்களில் பெரும்பகுதி ஒடுக்கப்பட்டோர். அவர்கள் கட்டிய பௌத்த சங்கங்கள் மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் இயங்கின. அயோத்திதாசர் 1907இல் சென்னையில் தொடங்கிய ‘தமிழன்’ இதழை, அவர் மறைந்து பல ஆண்டுகள் கழித்து இங்கிருந்து ஜி. அப்பாதுரையார் நடத்தினார். கைரேகைப் பதிவுக்கு எதிராக 1930இல் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். இவற்றோடு தொடர்புள்ள கூட்ட நோட்டீஸ், சந்தா ரசீது, திருமண அழைப்பு எதுவாயினும் பரணில் கிடக்கலாம். பழுப்பேறிய காகிதம் என்று எடைக்குப் போட்டுவிடாமல் ஒன்றுகூடலுக்குக் கொண்டுவரும்படி அழைப்பிதழிலேயே கேட்க வேண்டும்.

எவ்வளவு கொண்டுவர வேண்டும் என்பதையும் அழைப்பிதழில் எழுதுங்கள். வீட்டுக்கு ஐந்து படம், ஒரு காகிதம். அளவு சொல்லாவிட்டால் சிலர் ஆல்பம் ஆல்பமாகக் கொண்டுவந்து வரிசை நகராமல் நிற்கும், சிலர் ‘நம்மகிட்ட என்ன இருக்கு’ என்று வெறுங்கையோடு வருவார்கள். ஒரு மேஜை ஸ்கேனரில் 600 டிபிஐ அளவில் மணிக்கு 25 முதல் 30 படம்தான் முடியும். 100 குடும்பம் ஐந்தைந்து படம் கொண்டுவந்தால் 500 படம், அதாவது ஒரே ஸ்கேனருக்கு 17 முதல் 20 மணி நேர வேலை. ஒரு பகலில் முடிக்க மூன்று ஸ்கேனர் வேண்டும். இல்லையென்றால் பெரிய படங்களையும் காகிதங்களையும் கைபேசிக்கு ஒதுக்கி, அஞ்சலட்டை அளவும் அதற்குச் சிறியதுமான படங்களை மட்டும் ஸ்கேனரில் போடுங்கள். கைபேசியில் எடுப்பதென்றால் நேர் வெயில் படாத வாசற்பக்கம், ஃபிளாஷ் இல்லாமல், படம் தரையில், கைபேசி அதற்கு நேர் மேலே. சாய்த்துப் பிடித்தால் ஒரு பக்க முகங்கள் நீண்டுவிடும்.

சட்டத்தில் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்கவே கூடாது. முகத்தின் மேல்தோல் கண்ணாடியோடு போய்விடும், திரும்ப ஒட்டாது. கண்ணாடிக்கு மேலிருந்தே எடுங்கள், வெளிச்சம் பிரதிபலிக்காத பக்கமாகத் திருப்பி வைத்தால் போதும். 1980களில் வந்த பசை ஆல்பங்களில் படம் அசையாவிட்டால் பக்கத்தோடு ஸ்கேன் செய்துவிடுங்கள். லேமினேஷன் பற்றிக் கடுமையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது: பழைய படத்தையும் சர்வீஸ் சான்றிதழையும் பாதுகாப்பதாக நினைத்து லேமினேட் செய்கிறார்கள். அந்தச் சூடும் பசையும் படத்தைக் கெடுக்கும், பிறகு பிரிக்கவும் வழியில்லை. காகித உறை போதும்.

படத்தின் பின்னால் பால்பாயின்ட் பேனாவில் எழுதினால் முன்பக்கம் கோடு எழும். மெல்லிய பென்சிலில் எண் மட்டும் போடுங்கள்: சா-014-03, அதாவது சாம்பியன், பதினான்காவது குடும்பம், மூன்றாவது படம். பெயர்களைத் தாளில் எழுதுங்கள், பின்வரிசை இடமிருந்து வலம், அடுத்து முன்வரிசை. தெரியாத முகத்துக்கு ‘தெரியாது’ என்று எழுதி இடம் விடுங்கள். அந்த இடத்தை விட்டுவிட்டு அடுத்த பெயரை எழுதினால், அதற்குப் பின் வரும் எல்லோருமே ஒரு ஆள் தள்ளிப் போய்விடுவார்கள். கால்பந்து அணிப் படங்களில் இது அடிக்கடி நேர்கிறது.

அசல் எதுவும் அன்று சாயங்காலத்துக்கு மேல் ஏற்பாட்டாளர் கையில் இருக்கக் கூடாது. ‘விழா மலருக்குப் போட்டுட்டுத் தர்றோம்’ என்று வாங்கிய படம் திரும்பாத கசப்பு எந்த ஊரிலும் உண்டு. ஒருமுறை அப்படி ஆனால் அந்தக் குடும்பம் அடுத்த முறை எதையும் காட்டாது. வாங்கும்போதும் கொடுக்கும்போதும் இரட்டைப் பிரதி ரசீதில் கையெழுத்து வாங்குங்கள்.

பேச்சைப் பதிவு செய்வது அன்றைய கூடத்தில் நடக்காது. ஒலிபெருக்கி பாடும், பிள்ளைகள் ஓடுவார்கள், பிறகு கேட்டால் ஒரு சொல்லும் புரியாது. பக்கத்தில் ஒரு அறை எடுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். கைபேசியை விமானப் பயன்முறையில் வைத்து, பேசுபவருக்கு ஒரு முழத்துக்குள் துணி மடிப்பின் மேல் வையுங்கள், வெறும் மேஜையில் வைத்தால் ஒவ்வொரு தட்டலும் இடியாகக் கேட்கும். சட்டையில் குத்தும் மைக் இருந்தால் நல்லது. முதல் அரை நிமிடத்தில் தேதி, இடம், பேசுபவர் பெயர், பிறந்த ஆண்டு, லைன் ஆகியவற்றைப் பதிவிலேயே சொல்லிவிட வேண்டும். ஃபைல் பெயர் மாறினாலும் குரல் மாறாது. 45 நிமிடம் போதும். முதியவருக்கு அதற்கு மேல் களைப்பு, நுரையீரல் நோய் உள்ளவருக்கு 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஓய்வு.

‘அந்தக் காலத்துல எப்படி இருந்தது’ என்று கேட்காதீர்கள். ‘நல்லா இருந்தது’ என்று பதில் வரும், அதோடு முடிந்தது. சங்கு ஊதியபின் வீட்டிலிருந்து ஷாஃப்டுக்கு எத்தனை நிமிஷம் நடை, டப்பாவில் என்ன சோறு, கேஜில் (இறக்கும் கூண்டில்) எத்தனை பேர் நிற்பார்கள், இறங்கும்போது காது அடைத்ததா, எந்த லெவல், அங்கே தண்ணீர் எப்படி வந்தது, சூடு எப்படி என்று கேளுங்கள். ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரியைத் தாண்டியது, குளிர்காற்றை இயந்திரம் வைத்து இறக்கினார்கள். அதை உடம்பில் பட்டவர் சொல்லும் விதம் எந்த அறிக்கையிலும் கிடைக்காது. ஏர் பிளாஸ்ட் பற்றிக் கேட்கும்போது மெதுவாகக் கேளுங்கள். பாறை வெடித்துச் சரிந்தபோது மேலே வீட்டுப் பாத்திரம் குலுங்கியதை வீட்டிலிருந்தவர்களும், கீழே நடந்ததைக் கூட இருந்தவர்களும் சொல்வார்கள். இறந்தவரின் பிள்ளைகள் அந்த அறையில் இருக்கிறார்களா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

எழுத்தில் இறக்கும்போது தங்கவயல் தமிழைத் திருத்தாதீர்கள். கன்னடமும் தெலுங்கும் இங்கிலீஷும் கலந்த அந்தப் பேச்சே ஒரு சான்று. ‘அண்டர்கிரவுண்ட்’ என்று சொன்னதை ‘நிலத்தடி’ என்று மாற்றினால் பேசியவர் தன் பேச்சை அடையாளம் கண்டுகொள்ள மாட்டார்.

சம்மதம் அரைப்பக்கத் தாளில், தமிழில், வாசித்துக் காட்டி வாங்க வேண்டும். குடும்பத்துக்கு மட்டுமா, கண்காட்சிக்கும் உண்டா, இணையத்தில் போடலாமா என்று மூன்று கட்டம் போதும். மருத்துவச் சீட்டு, எக்ஸ்ரே, கடன் பத்திரம் எதுவும் இணையத்துக்குப் போகக் கூடாது. தங்கத் திருட்டு பற்றிய பேச்சு கட்டாயம் வரும். பதிவில் இருக்கட்டும், பெயரோடு அச்சில் ஏற்ற வேண்டாம். பழி சுமந்தவரின் பேரன் அதே ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறான்.

ஒன்றுகூடலுக்கு மறுநாள் காலை, இன்னும் நிற்கும் வீடுகளை டேப் பிடித்து அளந்து வாருங்கள். அறையின் நீளம், அகலம், வாசல் உயரம், குழாயடிவரை தூரம். இரண்டு பேர், ஒரு நோட்டு, இரண்டு மணி நேரம். கல்லறைத் தோட்டத்துக்கும் அதே காலையில் போகலாம், சாய்ந்த வெயிலில் தேய்ந்த எழுத்தும் தெரியும். மதியத்தில் தெரியாது. எழுத்து தெரிவதற்காக மாவு பூசுவதோ எண்ணெய் தடவுவதோ கல்லை அரிக்கும். ஒரு முகக்கண்ணாடியால் பக்கவாட்டில் ஒளி அடித்தாலே போதும்.

ஆனால் பழைய ஷாஃப்டுப் பக்கம் பிள்ளைகளை அழைத்துப் போகாதீர்கள், சைனைடு மேட்டில் ஏற விடாதீர்கள். ஷாஃப்டுகளில் தண்ணீர் நிறைந்து கிடக்கிறது, சுற்றியுள்ள தரையை நம்ப முடியாது. மேட்டு மண் காற்றில் பறக்கும் தூள். சாலையிலிருந்து படம் எடுங்கள், ஒவ்வொரு ஆண்டும் அதே இடத்தில் நின்று, அதே திசையில். பதின்மூன்று மேடுகளையும் மறுபடி சலித்துத் தங்கம் எடுக்கும் திட்டத்துக்கு 2024இல் கர்நாடக அமைச்சரவை இசைந்திருக்கிறது. அந்த வேலை நடந்தால் ஊரின் வானக்கோடே மாறிவிடும்.

சேர்த்ததை ஒரே ஆளின் மடிக்கணினியில் வைத்திருப்பது சேர்க்காததற்குச் சமம். இரண்டு ஹார்டு டிஸ்க், இரண்டு ஊரில், மூன்றாவது பிரதி இணையச் சேமிப்பில். ஆண்டுக்கொரு முறை திறந்து பார்க்க ஒருவரைப் பெயர் சொல்லி நியமியுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தைச் சேமிப்பாகக் கருதாதீர்கள், அது படத்தைச் சுருக்கித்தான் அனுப்புகிறது. வீட்டு வரிசையையும் பெயர்ப் பட்டியலையும் மட்டும் லேசர் அச்சில் 16 பக்கமாகப் போட்டு வீட்டுக்கொன்று கொடுங்கள். விளம்பரமும் வாழ்த்துச் செய்தியும் நிறைந்த வண்ண மலரைவிட அது நீடிக்கும். அச்சான நோட்டீசும் இதழ்களும் பழையவையாக இருந்தால் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தைக் கேட்டுப் பாருங்கள். மைசூர் அரசுக் காலக் கோப்புகளைத் தேடுவோர் பெங்களூரு விதான சௌதாவில் உள்ள மாநில ஆவணக் காப்பகத்தில் தொடங்கலாம்.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். ஒன்றுகூடல்களில் பெயர் தெரியாமல் மிஞ்சும் படங்களில் வாரம் ஒன்றைத் தங்கள் ஞாயிறு பதிப்பில் வெளியிட இடம் தாருங்கள். படத்துக்குக் கீழே லைன் பெயரும், உத்தேச ஆண்டும், முகங்களுக்கு எண்ணும் இருக்கட்டும். மாரிக்குப்பம் ரயிலில் காலைப் பத்திரிகை கை மாறிக் கை மாறிப் போகிறது. பங்காருப்பேட்டை போய்ச் சேர்வதற்குள் யாராவது ஒருவர் ‘மூணாவது நிக்கிறது எங்க தாத்தா’ என்று சொல்லிவிடுவார்.

இப்படிக்கு,
தங்கவயல் பழைய லைன்காரர்கள் சிலர்,
பெங்களூரு